‘நீட்ஃபுல்’ செய்யச் சொன்னால் என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

ஆங்கிலத்தில் எழுதும்போது அடிக்கடி கைக்கு வரும் சொற்றொடர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னது தப்பாகப் போய்விட்டது, கேள்விகள் கொட்டித் தீர்த்துவிட்டன. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

அமெரிக்காவில் இருக்கும் என் புது மேனேஜருக்கு ஒரு மெயில் அனுப்பி, ‘ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்’ என்று முடித்திருந்தேன். ‘இதில் நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று திருப்பிக் கேட்டார். அது தப்பான இங்கிலீஷ் என்கிறார் டீம் லீடர். என் அப்பாவோ அரசு அலுவலகத்தில் காலம் முழுக்க இதை எழுதித்தான் ரிட்டயர் ஆனார். யார் சொல்வது சரி? – ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

டீம் லீடரைத் தவிர மற்ற இரண்டு பேரும் சரி. அந்தத் தொடரில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. நாம் கண்டுபிடித்ததும் இல்லை, ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்களே கடிதங்களில் சகஜமாக எழுதியதுதான். அவர்களோடு கப்பலேறி வந்து நம் ஃபைல்களில் உட்கார்ந்துகொண்டது, அப்புறம் அங்கே வழக்கொழிந்துபோனது, இங்கே ஒழியவில்லை, அவ்வளவுதான். இதற்கு அச்சு அசலாகத் தமிழில் ஒரு ஜோடியும் இருக்கிறது: ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’. பட்டா மாறுதலுக்குத் தாசில்தாருக்கு மனு எழுதி, கடைசியில் ஆவன செய்யுமாறு கேட்டால் அது போதும், ஏனென்றால் அந்த மனுவுக்கு ஆவன என்ன, அது எந்த மேஜைக்குப் போக வேண்டும், எந்தக் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் விதியிலேயே இருக்கிறது. உங்கள் அப்பா எழுதியபோது வேலை நடந்ததற்குக் காரணம் அதுதான்.

உங்கள் மெயில் அப்படியில்லை. நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். சப்ளையர் அனுப்பிய இன்வாய்ஸ் போன மாதத் தொகையோடு ஒத்துப்போகவில்லை, இணைத்திருக்கிறேன், ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல். சரி, அந்த மனிதர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பணம் கொடுக்கச் சொல்லட்டுமா, சப்ளையரிடம் தானே பேசட்டுமா, அக்கவுண்ட்ஸுக்குத் தள்ளிவிடட்டுமா, அல்லது சும்மா தகவலுக்குத்தான் அனுப்பினீர்களா? நாலில் எது என்று நீங்களே முடிவு செய்யாமல் அவர் தலையில் கட்டிவிட்டீர்கள். நாம் இந்தத் தொடரை எழுதுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான், என்ன கேட்பது என்று நமக்கே தெளிவில்லாத இடத்தில், அல்லது மேலதிகாரியிடம் ‘இதைச் செய்யுங்கள்’ என்று நேராகச் சொல்லக் கூசுகிற இடத்தில். ‘ப்ளீஸ் லெட் மீ நோ பை தர்ஸ்டே வெதர் டு பே திஸ் ஆர் சென்ட் இட் பேக்’ என்று எழுதியிருந்தால் அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, அவரும் ஒரே வரியில் பதில் போட்டிருப்பார். இன்னொன்று, ‘ப்ளீஸ் கைண்ட்லி’ என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறீர்கள், ஒன்று போதும்.

‘ரிவர்ட் பேக்’ என்று எழுதக் கூடாது என்கிறார்களே, ஏன்? – வங்கி ஊழியர், ஈரோடு

‘பேக்’கை எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ‘ரிவர்ட்’டுக்குள்ளேயே ‘திரும்ப’ இருக்கிறது. மீதிப் பாதி என்னவென்றால், ‘பதில் அனுப்பு’ என்ற பொருள் இந்தியா, சிங்கப்பூர் பக்கத்து ஆங்கிலத்தில்தான் பரவலாக உண்டு. மற்ற இடங்களில் பழைய நிலைக்குத் திரும்புவதற்குத்தான் அந்த வார்த்தை. குத்தகை முடிந்ததும் நிலம் உரிமையாளருக்கு ‘ரிவர்ட்’ ஆகும், ஒரு மென்பொருளைப் பழைய பதிப்புக்கு ‘ரிவர்ட்’ செய்வார்கள். ஈரோட்டுக் கிளையிலிருந்து சேலம் கிளைக்கு எழுதுகிறீர்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள், யாருக்கும் குழப்பம் வராது. வெளிநாட்டுக்கு என்றால் ‘ரிப்ளை’ என்ற எளிய வார்த்தை சும்மாதானே கிடக்கிறது.

இந்த ஒட்டுவால் வியாதி நமக்குப் பல இடங்களில் உண்டு. ‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிப்பீட் அகெய்ன்’ எல்லாம் அதே ரகம். ‘டிஸ்கஸ் அபௌட்’ மட்டும் வேறு வழியாக வருகிறது. தமிழில் ஒன்றைப் ‘பற்றி’ விவாதிக்கிறோம், அந்தப் ‘பற்றி’யைக் கையோடு கொண்டுபோய் அங்கேயும் ஒட்டிவிடுகிறோம், ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ் தி ப்ராப்ளம்’ என்றாலே முடிந்தது. ‘மேரீட் வித்’ எழுதுவதும் இப்படித்தான், நமக்கு ஒருவரோடு கல்யாணம், அவர்களுக்கு ‘மேரீட் டு’. ‘கோப் அப் வித்’ தனி வேடிக்கை. ‘கோப் வித்’ என்றால் சமாளிப்பது, ‘கீப் அப் வித்’ என்றால் பின்தங்காமல் கூடவே ஓடுவது. யாரோ இரண்டையும் கலந்துவிட, இப்போது பேராசிரியர்கள் எழுதும் சிபாரிசுக் கடிதத்தில்கூட அந்த ‘அப்’ குந்திக்கொண்டிருக்கிறது.

மகள் கல்யாணப் பத்திரிகையின் இங்கிலீஷ் பக்கத்தில் ‘வி சொலிசிட் யுவர் கிரேஷியஸ் பிரசென்ஸ்’ என்று அச்சகத்தில் போட்டுக் கொடுத்தார்கள். டல்லாஸில் இருக்கும் என் அக்கா பையன் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். மாற்றச் சொல்லட்டுமா? – விருதுநகர்

வேண்டாம். அப்படியே இருக்கட்டும். ‘சொலிசிட்’ என்றால் வேண்டிக் கேட்பது, இந்த இடத்துக்குப் பொருந்தாத வார்த்தை ஒன்றுமில்லை. பையன் ஏன் சிரிக்கிறான் என்றால், அமெரிக்காவில் அந்த வார்த்தையை அவன் பார்ப்பதெல்லாம் வேறு இடங்களில். வீட்டு வாசலில் ‘நோ சொலிசிட்டிங்’ என்று பலகை மாட்டியிருப்பார்கள், சாமான் விற்க வந்து கதவைத் தட்டாதே என்று அர்த்தம். பாலியல் தொழில் சம்பந்தப்பட்ட போலீஸ் வழக்குகளிலும் இதே வார்த்தைதான் வரும். அந்தப் பக்கத்து நடைமுறை மரியாதை வாசகம் ‘ரிக்வெஸ்ட் தி பிளெஷர் ஆஃப் யுவர் கம்பெனி’. வேண்டுமானால் டல்லாஸுக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பத்திரிகையைப் படிக்கப் போகிறவர்கள் இங்கே இருக்கும் உறவுக்காரர்கள். அவர்களுக்கு ‘சுற்றமும் நட்பும் சூழ’ எப்படியோ அப்படித்தான் இதுவும், யாரும் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி வரியை. ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ் ஃப்ரம்’ என்பதில் ‘எல்’லுக்கு அடுத்து ‘ஐ’ வர வேண்டும். உங்கள் பிரதியில் ‘இ’ இருக்கிறது. ‘ஐ’ போட்டால் வாழ்த்து, ‘இ’ போட்டால் ஒன்றை நிறைவு செய்யும் துணைப்பொருள். மாமாவும் சித்தப்பாவும் துணைப்பொருளோடு அழைக்கிறார்கள் என்று ஆகிவிடும். ப்ரூஃப் இன்னும் கையில்தான் இருக்கிறது என்றால் இன்றைக்கே சொல்லி மாற்றிவிடுங்கள்.

கடிதத்தின் முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ எப்போது, ‘யுவர்ஸ் சின்சியர்லி’ எப்போது? பிள்ளைகள் லீவ் லெட்டரில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ எழுதுகிறார்கள், அது தப்பா? – ஆசிரியை, கும்பகோணம்

பிரிட்டிஷ் வழக்கு சுலபம். ஆரம்பத்தில் பெயர் இல்லாமல் ‘டியர் சார்’, ‘டியர் மேடம்’ என்றால் முடிவில் ‘ஃபெய்த்ஃபுல்லி’. பெயரைச் சொல்லி ஆரம்பித்தால் ‘சின்சியர்லி’. அமெரிக்கர்கள் இந்த வித்தியாசம் பார்ப்பதில்லை, பொதுவாக ‘சின்சியர்லி’ என்று போட்டுவிடுவார்கள். எதைப் போட்டாலும் ‘யுவர்ஸ்’ஸில் ‘எஸ்’ஸுக்கு முன்னால் மேல்புள்ளி கிடையாது. நம் ஊரில் எழுதப்படும் விண்ணப்பங்களில் பாதியிலாவது அந்தப் புள்ளி இருக்கும் என்று நினைக்கிறேன், யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

‘ஒபீடியன்ட்லி’ தப்பில்லை, பழசு. பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களே ‘ஐ ஹேவ் தி ஆனர் டு பி, சார், யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்’ என்றுதான் முடியும். அதில் மிச்சம் விழுந்த துண்டு நம் வகுப்பறைகளில் உயிரோடு இருக்கிறது. நம் லீவ் லெட்டரே ஒரு தனி இலக்கியம்தான் டீச்சர், ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று ஆரம்பித்தால் பையன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறான் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் எழுதட்டும். பிளஸ் டூ முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ சரியா, ‘மீட்டிங் யூ’ சரியா? – பொள்ளாச்சி

‘மீட்டிங் யூ’. இந்த ‘டு’ வினைச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘டு’ கிடையாது. சோதித்துப் பார்க்க ஒரு வழி: அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போடுங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்’ என்று வருகிறதல்லவா, அப்படி வந்தால் ‘இங்’ வேண்டும். ‘அப்ஜெக்ட் டு’வும் இதே கட்சி.

கட்டுரைத் தேர்வுக்குத் தயாராகிறேன். ‘பெக்ஸ் தி கொஸ்டின்’ என்று எழுதியதைப் பயிற்சி மையத்தில் அடித்துவிட்டார்கள். செய்தித்தாளில் தினமும் வருகிறதே? அப்படியே ‘தி எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் தி ரூல்’ பற்றியும் சொல்லுங்கள், ஒரு விதிவிலக்கு எப்படி விதியை நிரூபிக்கும்? – திருநெல்வேலி

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். முதல் தொடர் தர்க்க சாஸ்திரத்துச் சமாச்சாரம். அரிஸ்டாட்டில் ஒரு வாதப் பிழையைப் பற்றிச் சொன்னது லத்தீனுக்குப் போய், அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் கோணலாக ஆங்கிலத்துக்கு வந்தது. நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே உண்மை என்று வைத்துக்கொண்டு வாதாடுவதுதான் அந்தப் பிழை. ‘அவர் சொன்னது உண்மைதான், ஏனென்றால் அவர் பொய்யே பேச மாட்டார்’ என்று ஒருவர் சொன்னால் அது ‘பெக்கிங் தி கொஸ்டின்’. வாதம் நகரவே இல்லை, தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. ஆனால் ‘பெக்’, ‘கொஸ்டின்’ என்ற இரண்டு வார்த்தைகளையும் பார்க்கிற யாருக்கும் ‘இது ஒரு கேள்வியைக் கேட்கத் தூண்டுகிறது’ என்றுதான் தோன்றும். செய்தித்தாள்கள் அந்தப் பொருளில்தான் எழுதுகின்றன, இன்றைய அகராதிகளும் அதைச் சேர்த்துக்கொண்டுவிட்டன. ஆக நீங்கள் எழுதியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் விடைத்தாளைத் திருத்துபவர் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியாது, ‘ரெய்சஸ் தி கொஸ்டின்’ என்று எழுதினால் இரண்டு கட்சிக்காரரும் மார்க் போடுவார்கள்.

இரண்டாவது, சட்டத்திலிருந்து வந்தது. இதன் மூலத்தை ரோம் நகரத்து வழக்கறிஞர் சிசரோவின் ஒரு வாதத்தில் காட்டுவார்கள். பால்பஸ் என்பவர் இன்றைய ஸ்பெயினில் இருக்கும் காதிஸ் ஊர்க்காரர், அவருக்குக் கொடுத்த ரோமானியக் குடியுரிமை செல்லாது என்று கி.மு. 56இல் வழக்கு வந்தது. சில இனத்தாரோடு ரோம் செய்த ஒப்பந்தங்களில், இவர்களில் யாருக்கும் குடியுரிமை கொடுக்கக் கூடாது என்று தனியாக ஒரு விதிவிலக்கு எழுதியிருக்கிறது. அப்படி விலக்கு எழுதிய இடத்தில் கொடுக்கக் கூடாது என்றால், எழுதாத இடத்தில் கொடுக்கலாம் என்றுதானே பொருள் என்று மடக்கினார் சிசரோ. வழக்கும் ஜெயித்தது. நம் தெருவுக்கே வாருங்கள். ‘ஞாயிற்றுக்கிழமை இங்கே வண்டி நிறுத்தக் கூடாது’ என்று ஒரு பலகை. மற்ற ஆறு நாளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் அந்த நாட்களில் நிறுத்தலாம் என்ற விதியை அந்த விலக்குதான் உங்களுக்குச் சொல்கிறது.

இப்போது அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? ‘மழைக்காலத்தில் வெயில் அடிக்காது’ என்று ஒருவர் சொல்கிறார். இன்றைக்கு அடிக்கிறதே என்றால், ‘எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் தி ரூல்’ என்று தப்பித்துக்கொள்கிறார். எதிர்ச்சான்று கிடைத்தால் விதி பலவீனமாகுமே தவிர எப்படி நிரூபணம் ஆகும்? உங்கள் சந்தேகம் நியாயமானது. கட்டுரையில் இந்த அர்த்தத்தில் எழுதாதீர்கள், விவரம் தெரிந்த கண்ணில் பட்டால் வாதமே சொதப்பலாகத் தெரியும்.

எங்கள் அலுவலகம் லண்டனில், கிளை நியூயார்க்கில். ஒரு விஷயத்தை ‘டேபிள்’ பண்ணலாம் என்று நான் எழுதியதும் அந்தப் பக்கத்தில் கோபித்துக்கொண்டார்கள். என்ன நடந்தது? – ஈஸ்ட் ஹாம், லண்டன்

நீங்கள் பேச அழைத்தீர்கள், அவர்கள் ‘கிடப்பில் போடுவோம்’ என்று படித்தார்கள். பிரிட்டனில் ‘டேபிள்’ என்றால் விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்காவில் ஒத்திவைப்பது. நேர் எதிர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் இதே வார்த்தையால் முட்டிக்கொண்டதைச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அவசரம் என்பதால் உடனே ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்றார்கள் இவர்கள், முக்கியமான விஷயம் என்பதால் ‘டேபிள்’ செய்யவே கூடாது என்றார்கள் அவர்கள், வாக்குவாதம் முற்றிய பிறகுதான் இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டார்களாம். உங்கள் சண்டை எவ்வளவோ தேவலை.

‘மூட் பாயிண்ட்’டிலும் உஷாராக இருங்கள். பிரிட்டனில் இன்னும் முடிவாகாத, விவாதத்துக்குரிய விஷயம் என்ற பழைய பொருள் உண்டு, அமெரிக்காவில் இனிமேல் பேசிப் பிரயோஜனமில்லாத விஷயம். ‘க்வைட் குட்’ என்று உங்கள் லண்டன் மேனேஜர் உங்கள் ரிப்போர்ட்டைச் சொன்னால் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம், ‘பரவாயில்லை’ ரகமாகவும் இருக்கலாம். நியூயார்க்கிலிருந்து வந்தால் மனசாரத்தான் சொல்கிறார்கள்.

பயோடேட்டாவில் ‘பாஸ்ட் அவுட் இன் 2021’ என்று எழுதலாமா? ‘ப்ரீபோன்’ என்று ஒரு வார்த்தை உண்டா இல்லையா? – ஓசூர்

‘கிராஜுவேட்டட் இன் 2021’ என்று எழுதுங்கள். வெளியூர்க்காரர் காதுக்கு ‘பாஸ்ட் அவுட்’ என்றால் மயங்கி விழுந்தது. நாமாக இட்டுக்கட்டியதும் இல்லை, ராணுவத்தில் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு அந்தப் பெயர் உண்டு, பரங்கிமலையில் நடக்கும் ‘பாசிங் அவுட் பரேடு’ படம் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இன்ஜினியரிங் காலேஜுக்கு அது பொருந்தவில்லை.

‘ப்ரீபோன்’, அதாவது குறித்த நேரத்துக்கு முன்பே வைத்துக்கொள்வது, உண்டு. ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது, இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு. ஒரு வேலையை ஒரே வார்த்தையில் சுத்தமாக முடிக்கிற வார்த்தை அது, அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. புரியாதவருக்கு எழுதும்போது மட்டும் புது நேரத்தையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

துக்கச் செய்திக்கு ‘ஹார்ட்லி கண்டோலன்சஸ்’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் போடுகிறார்கள். சரிதானா? – நாகர்கோவில்

இல்லை. இன்றைய ஆங்கிலத்தில் அப்படி ஒரு வார்த்தை வழக்கில் கிடையாது. ‘ஹார்ட்டி’ சந்தோஷத்துக்கு, அது வாழ்த்தோடு போகும். துக்கத்துக்கு ‘ஹார்ட்ஃபெல்ட்’. ‘ரெஸ்ட் இன் பீஸ்’ எழுதும்போதும் எழுத்தைப் பாருங்கள், அமைதிக்கு உரிய ‘பீஸ்’ வேறு, துண்டுக்கு உரிய ‘பீஸ்’ வேறு, விபத்தில் இறந்தவர் வீட்டுக்கு யாரோ இரண்டாவதை அனுப்பியதைப் பார்த்து வயிறு கலங்கிப்போனது. குரூப்பில் எல்லாரும் தமிழ்க்காரர்கள்தானே, ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டுவிட்டு, நெருங்கியவர் என்றால் ஒரு போன் பண்ணுங்கள்.

ஏ.ஐ. எழுதிக் கொடுக்கும் மெயில் எல்லாம் ‘ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்’ என்று ஆரம்பிக்கிறதே, வைத்துக்கொள்ளலாமா? – திருச்சி

அதை ஏ.ஐ. தலையில் கட்டாதீர்கள். கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆன காலத்தில், படிக்கிறபோது ஆள் நலமாக இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டு எழுதிய வரி, நம் ‘நலம், நலமறிய ஆவல்’ மாதிரி. முதல் தடவை எழுதும் ஒருவருக்கு இருந்துவிட்டுப் போகட்டும். காலையில் எட்டு மெயில் போட்டுக்கொண்ட ஆளுக்கு ஒன்பதாவதிலும் அது இருந்தால் நீங்கள் படிக்காமலே அனுப்புகிறீர்கள் என்று தெரிந்துவிடும். நேராக விஷயத்துக்குப் போங்கள்.

‘டுடே மார்னிங்’, ‘எஸ்டர்டே நைட்’? – அரக்கோணம்

‘திஸ் மார்னிங்’, ‘லாஸ்ட் நைட்’. ஆனால் ‘எஸ்டர்டே மார்னிங்’ சரிதான், அதை மாற்ற வேண்டாம். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், அவர்கள் வீட்டு வழக்கம்.